பங்குனாவுக்கு அப்பால்: போகன்வில் தீவின் பொருளாதார எதிர்காலம்

பப்புவா நியூ கினியின் கிழக்குக் கோடியில், சாலமன் தீவுகளின் நிலத்தொடர்ச்சியாகக் கிடக்கிறது போகன்வில். அந்தத் தீவும், குறுகிய நீரிணைக்கு வடக்கேயுள்ள பூக்காவும், தொலைவில் சிதறிய பவளத்தீவுகளும் சேர்ந்து ஒரு தன்னாட்சிப் பகுதி. பரப்பு ஏறத்தாழ 9,300 சதுர கிலோமீட்டர், சைப்ரஸ் நாட்டளவு. மக்கள் சுமார் 3 லட்சம் பேர். 2019 நவம்பர் 23 முதல் டிசம்பர் 7 வரை அங்கே பொதுவாக்கெடுப்பு நடந்தது. பதிவான சுமார் 1,81,000 வாக்குகளில் 1,76,928 வாக்குகள் தனிநாட்டுக்கு விழுந்தன. கூடுதல் தன்னாட்சி போதும் என்றவை 3,043 மட்டுமே. பொதுவாக்கெடுப்புகளின் வரலாற்றில் இவ்வளவு ஒருமுகமான தீர்ப்பு அரிது. அது யாரையும் கட்டுப்படுத்தும் தீர்ப்பன்று. இரு அரசுகளும் கலந்து பேசி, பப்புவா நியூ கினி நாடாளுமன்றம் முடிவெடுக்க வேண்டும் என்பதே 2001-ஆம் ஆண்டு அமைதி ஒப்பந்தத்தின் விதி. போகன்வில் அரசு 2027 செப்டம்பர் 1-ஐத் தன் விடுதலை நாளாகக் குறித்திருக்கிறது.

மக்களின் விருப்பம் பற்றி ஐயத்துக்கு இடமில்லாத நிலையில், விவாதம் முழுவதும் பொருளாதாரத்தின் மேல் வந்து நிற்கிறது. இந்தத் தீவு தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளுமா என்ற கேள்வி பப்புவா நியூ கினியின் தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலும் ஆஸ்திரேலியாவின் கான்பெராவிலும் ஓயாமல் கேட்கப்படுகிறது. பெரும்பாலும் ஒற்றை வார்த்தையில் விடையும் சொல்லப்படுகிறது: பங்குனா. அந்த விடை பாதி சரி. மீதிப் பாதியில்தான் சிக்கல் இருக்கிறது.

பங்குனா மலைப்பகுதியில் செம்புப் படிவம் இருப்பது 1960-களில் உறுதியானது. அப்போது பப்புவா நியூ கினி ஆஸ்திரேலிய ஆட்சியில் இருந்தது. ரியோ டிண்டோ குழுமத்தைச் சேர்ந்த ஆஸ்திரேலிய நிறுவனத்துடன் 1967-இல் ஒப்பந்தம் போடப்பட்டது. நிலத்துக்கு அடியிலுள்ள கனிமம் அரசுக்குரியது என்பது ஆஸ்திரேலியா கொண்டுவந்த சட்டம். போகன்வில்லின் பெரும்பகுதியில் நிலம் தாய்வழிக் குலங்களின் சொத்து; மண்ணுக்கு மேலே ஒருவர், கீழே இன்னொருவர் என்ற பிரிவினையை அந்த மக்கள் அறிந்ததில்லை. 1969-இல் துறைமுகத்துக்காக ரோரோவானாவில் நிலம் எடுத்தபோது, காவல்படையின் எதிரே நின்றவர்கள் அவ்வூர்ப் பெண்கள். அந்தக் காட்சியின் படம் ஆஸ்திரேலியச் செய்தித்தாள்களில் வெளியாகிப் பெரும் கண்டனத்தை எழுப்பியது. சுரங்கப் பணி நின்றபாடில்லை. 1972-இல் உற்பத்தி தொடங்கியது.

அடுத்த பதினேழு ஆண்டுகளில் உலகின் மிகப்பெரிய திறந்தவெளிச் சுரங்கங்களில் ஒன்றாகப் பங்குனா விளங்கியது. சுமார் 30 லட்சம் டன் செம்பும் 300 டன்னுக்கு மேற்பட்ட தங்கமும் அங்கிருந்து கப்பலேறின. பப்புவா நியூ கினியின் ஏற்றுமதி வருவாயில் ஏறக்குறைய 45 சதவீதத்தை அந்த ஒரே குழி ஈட்டித் தந்தது. 1975 செப்டம்பர் 16-இல் விடுதலை பெற்ற புதிய நாட்டின் கருவூலத்துக்கு அதுவே முதுகெலும்பு. விடுதலைக்கு இரண்டு வாரம் முன்பு, செப்டம்பர் 1-இல், போகன்வில் தலைவர்கள் வடக்கு சாலமன்ஸ் குடியரசு என்று தனிநாடு அறிவித்ததும், யாரும் அதை ஏற்காததும், 1976-இல் மாகாண அரசு என்ற சமரசம் பிறந்ததும் இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டியவை. முதுகெலும்பை எந்த அரசும் உருவிக் கொடுத்துவிடாது.

அந்தப் பணம் யார் யாருக்குப் போனது என்ற கணக்கு, போகன்வில்லின் பொருளாதாரத்தைப் பற்றிய எந்தப் பேச்சுக்கும் முதல் அட்டவணையாக இருக்கத் தக்கது. 1972 முதல் 1989 வரை பங்கிடப்பட்ட வருவாயில் வரி, கட்டணம், ஈவுத்தொகை என நடுவண் அரசுக்குச் சென்றது சுமார் 62 சதவீதம். வெளிநாட்டுப் பங்குதாரர்களுக்கு 33 சதவீதம். மாகாண அரசுக்கு 4 சதவீதத்தைச் சற்றே தாண்டிய பங்கு. நிலத்தை இழந்தவர்களுக்கு வாடகை, இழப்பீடு எல்லாம் சேர்த்து ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு. சுரங்கத்தின் கழிவு மட்டும் முழுவதுமாக உள்ளூரிலேயே தங்கியது. நூறு கோடி டன்னுக்கும் அதிகமான அரைத்த பாறையும் மண்ணும் கவெரோங், ஜாபா ஆறுகளில் கொட்டப்பட்டன. ஆற்றுப்படுகை மேடிட்டது, தோட்டங்கள் மூழ்கின, மேற்குக் கரையில் ஆறு கடலில் சேரும் இடத்தில் புதிய நிலத்திட்டே உருவாகிவிட்டது.

1988 இறுதியில் சுரங்கத்தில் வேலை பார்த்த நில அளவையாளர் ஃபிரான்சிஸ் ஓனா தலைமையில் இளைய தலைமுறை கிளர்ந்தது. 1,000 கோடி கினா இழப்பீடு கேட்டார்கள். வெடிமருந்தைக் கைப்பற்றி மின்கோபுரங்களைத் தகர்த்தார்கள். 1989 மே 15-இல் மூடிய சுரங்கம் இன்றுவரை திறக்கவில்லை. இழப்பீட்டுக் கோரிக்கை விடுதலைப் போராக மாறியது. நடுவண் அரசு 1990-இல் தீவை முற்றுகையிட்டது. எரிபொருள் இல்லாத தீவில் தேங்காய் எண்ணெயில் வண்டி ஓட்டினார்கள், மருந்தில்லாமல் செத்தார்கள். 1998-இல் போர்நிறுத்தம் நிலைபெறும்வரை மடிந்தவர்கள் 10,000 முதல் 20,000 பேர் என்பது மதிப்பீடு. பள்ளிக்கூடம் பார்க்காத ஒரு தலைமுறை வளர்ந்தது. இன்று தீவின் தொழிலாளர் வளம் பற்றிப் பேசும்போது நடுவயதில் இருப்பவர்கள் அந்தத் தலைமுறையினர்தாம்.

2001-இல் அராவாவில் கையெழுத்தான அமைதி ஒப்பந்தம் தன்னாட்சி, ஆயுதக் களைவு, பிற்காலப் பொதுவாக்கெடுப்பு என்னும் மூன்று கால்களில் நிற்கிறது. 2005-இல் தன்னாட்சி அரசு அமைந்தது. நிதி பற்றிய பிரிவில் அந்த ஒப்பந்தம் ஓர் இலக்கை வகுத்தது: நிதித் தற்சார்பு. போகன்வில்லில் வசூலாகும் நிறுவன வரி, சுங்க வரி, சரக்கு-சேவை வரியில் 70 சதவீதம் ஆகிய மூன்றும் சேர்ந்து, நடுவண் அரசு ஆண்டுதோறும் தரும் நடைமுறைச் செலவு மானியத்துக்கு இணையாகி, அது நீடித்தும் நிற்குமானால் தற்சார்பு எய்தியதாகப் பொருள். இன்றுவரை அந்த இலக்கின் அருகில்கூட வரவு வந்ததில்லை. அரசின் செலவில் பெரும்பகுதி போர்ட் மோர்ஸ்பியின் மானியமே. உள்ளூரில் வசூலாகும் சம்பள வருமான வரியும் பெரும்பாலும் அரசு ஊழியர்களிடமிருந்து வருவது. மானியமாக வந்த பணமே வரியாகத் திரும்புகிறது.

இந்த அளவுகோலில் ஒரு கோணல் இருப்பதையும் சொல்லியாக வேண்டும். ‘போகன்வில்லில் வசூலாகும்’ என்ற நிபந்தனைதான் அது. தீவுக்கு வரும் அரிசியும் எரிபொருளும் இரும்புத் தகடும் பெரும்பாலும் பிற மாகாணங்களிலுள்ள லே, ரபால் துறைமுகங்கள் வழியாக வருகின்றன. சுங்கம் அங்கே கட்டப்படுகிறது. தீவில் கடை வைத்திருக்கும் நிறுவனத்தின் தலைமையகம் வேறு மாகாணத்தில் இருந்தால் வரியும் அங்கேயே பதிவாகும். போகன்வில் விவசாயியின் கொக்கோ நியூ பிரிட்டன் தீவின் துறைமுகத்திலிருந்து கப்பலேறினால் ஏற்றுமதிக் கணக்கும் அங்கேதான். ஆகவே பதிவேட்டில் தெரியும் போகன்வில் உண்மையான போகன்வில்லை விடச் சிறியது. எவ்வளவு சிறியது என்பதில் இரு அரசுகளுக்கும் நெடுங்காலப் பிணக்கு. தனிநாடானால் கியெட்டாவிலும் பூக்காவிலும் சொந்தச் சுங்கச்சாவடி இருக்கும், அந்தக் கசிவு அடைபடும். ஆனாலும் மானியத்தின் இடத்தை நிரப்ப அது போதாது. மீண்டும் பங்குனாவுக்கே வர வேண்டியிருக்கிறது.

2012-இல் சுரங்க நிறுவனம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி அங்கே இன்னும் எஞ்சியிருப்பது சுமார் 180 கோடி டன் தாது. அதில் 53 லட்சம் டன் செம்பும் 1.93 கோடி அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 600 டன், தங்கமும் உண்டு. டன் 10,000 டாலர் என்று வைத்தால் செம்பு மட்டுமே 5,300 கோடி டாலர். மேடைகளில் ஒலிக்கும் எண் இதுதான். இதை 3 லட்சம் பேருக்கு வகுத்துக் காட்டும் ஆசையும் இயல்பு. அந்த வகுத்தல் தவறு. முதலாவது, 180 கோடி டன்னில் 53 லட்சம் டன் என்றால் தாதுவில் செம்பு 0.3 சதவீதத்தை ஒட்டியது. ஒரு டன் உலோகத்துக்கு 300 டன்னுக்கு மேல் பாறையை உடைத்து அரைத்தாக வேண்டும். செலவு அங்கே தின்றுவிடும். இரண்டாவது, அந்தத் தொகை இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் சிறுகச் சிறுக வரக்கூடியது. மூன்றாவது, அரசின் கைக்குக் கிடைப்பது செலவும் தேய்மானமும் கடனும் போன மிச்சத்தில் ஒரு பங்கு. செம்பு விலை சரிந்த ஆண்டில் அந்த மிச்சமே இராது.

முதலீட்டின் அளவு இதைவிடக் கடுமையானது. திறப்பதற்கான செலவு 500 கோடி டாலருக்கு மேல் என்று அதே 2012-ஆம் ஆண்டு ஆய்வு கணக்கிட்டது. விலைவாசி அதன் பிறகு எங்கோ போய்விட்டது. பழைய எந்திரங்கள் துருப்பிடித்து மண்ணோடு கலந்துவிட்டன. துறைமுகம், மின்நிலையம், மலைச்சாலை, அரவை ஆலை அனைத்தையும் புதிதாக அமைக்க வேண்டும். இந்த முறை கழிவை ஆற்றில் கொட்டவும் முடியாது. அதிக மழையும் நிலநடுக்கமும் உள்ள மலைநாட்டில் கழிவுக்கு அணை கட்டுவது தனிப் பொறியியல் சவால், தனிச் செலவு.

உரிமை யாருடையது என்ற கேள்வியில் மட்டும் பெரும் மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. போகன்வில் அரசு 2015-இல் கொண்டுவந்த சுரங்கச் சட்டம் கனிமத்தை மரபுவழி நில உரிமையாளர்களுக்கே உரியதாக்கி, ஆய்வு நிலையிலேயே மறுக்கும் அதிகாரத்தையும் தந்தது. 2016-இல் ரியோ டிண்டோ சுரங்க நிறுவனத்தில் தனக்கிருந்த சுமார் 54 சதவீதப் பங்குகளை விலையின்றி விட்டு விலகியது. அவை பிரிந்து, நடுவண் அரசிடம் முன்பே இருந்த பங்கும் சேர, போகன்வில் அரசும் நடுவண் அரசும் ஆளுக்கு 36.4 சதவீதத்துக்கு உரியவையாயின. நடுவண் அரசு தன் பங்கையும் போகன்வில்லுக்கு விட்டுக்கொடுக்க இசைந்தது. 2018-இல் நில உரிமையாளர்களிடையே ஒருமித்த ஆதரவு இல்லை என்று நிறுவனத்தின் ஆய்வு உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்த போகன்வில் அரசு, 2024 ஜனவரியில் ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பித்துத் தந்தது. ஒரு காலத்தில் தீவு முழுவதும் வெறுத்த நிறுவனம் இப்போது தீவின் அரசுடைமை நோக்கிச் செல்கிறது. இதில் முரண் இருந்தாலும் நட்டம் இல்லை. ஆனால் பணமும் தொழில்நுட்பமும் கொண்டுவரும் பெருநிறுவனம் இன்னும் வந்து சேரவில்லை.

பழைய சேதத்தின் கணக்கும் தீரவில்லை. 2020-இல் 156 தீவுவாசிகள் ஆஸ்திரேலியாவில் முறையிட்டதன் விளைவாக, சுரங்கம் விட்டுச்சென்ற தாக்கம் பற்றிய சுயேச்சையான ஆய்வுக்கு நிதியளிக்க ரியோ டிண்டோ ஒப்புக்கொண்டது. 2024 டிசம்பரில் வந்த முதற்கட்ட அறிக்கை, பழுதடைந்த கட்டமைப்புகளும் வெள்ளமும் நிலச்சரிவும் உயிருக்கு ஆபத்தாக நிற்பதைப் பட்டியலிட்டது. அதே ஆண்டு ஆயிரக்கணக்கானோர் சார்பில் கூட்டு வழக்கும் தொடரப்பட்டது. போகன்வில் அதிபர் இஷ்மாயில் டொரோமா அதை எதிர்த்தார். வழக்கு முதலீட்டாளரை விரட்டும் என்பது அரசின் அச்சம். இழப்பீடு கிடைக்காமல் புதுச் சுரங்கம் எதற்கு என்பது கீழாற்று ஊர்களின் கேள்வி. 1988-இல் வெடித்ததும் இந்தக் கேள்விதான் என்பதால் இதை ஓரமாகத் தள்ளிவைக்க எந்த முதலீட்டாளரும் துணிய மாட்டார்.

இவை அனைத்தையும் கூட்டிப் பார்த்தால் போகன்வில்லின் பொருளாதாரப் பிரச்சினை வளப் பற்றாக்குறை என்று சொல்ல முடியாது. அது காலப் பொருத்தமின்மை. ஆய்வு, நில உரிமையாளர் ஒப்புதல், சூழல் அனுமதி, நிதி திரட்டல், கட்டுமானம் என்று போனால் பெருஞ்சுரங்கம் ஒன்றுக்குப் பத்தாண்டு சாதாரணம். இன்றே எல்லோரும் சம்மதித்தாலும் முதல் வரிப்பணம் 2030-களின் நடுவில் வரலாம். குறித்த விடுதலை நாளோ 2027. மானியம் நிற்கும் நாளுக்கும் செம்பு வரி வரும் நாளுக்கும் இடையிலுள்ள ஆண்டுகளில் ஆசிரியருக்கும் செவிலியருக்கும் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதுதான் விடை வேண்டும் கேள்வி. அந்த இடைவெளியில் பணமுடையில் இருக்கும் அரசு, முன்பணம் தரும் முதல் நிறுவனத்திடம் மோசமான நிபந்தனைகளுக்குக் கையெழுத்திடும் அபாயமும் உண்டு. 1967-இல் குடியேற்ற ஆட்சி செய்ததைச் சொந்த அரசே செய்வதாக அது முடியும்.

இடைக்காலத்தைத் தாங்கக்கூடியவை மூன்று. முதலாவது கொக்கோ. போருக்கு முன் பப்புவா நியூ கினியின் கொக்கோவில் பெரும்பங்கு இத்தீவிலிருந்து சென்றது. தோட்டங்கள் போரில் காடாயின. மறுநடவு செய்தவை 2009 வாக்கில் கொக்கோக் காய்த் துளைப்பானால் அடிவாங்கின. அதைச் சமாளிக்கக் கவாத்து, நாள்தவறாத அறுவடை, எதிர்ப்புத்திறன் கொண்ட புதுக் கன்றுகள் வேண்டும். இன்று விளைச்சல் ஏறத்தாழ முழுவதும் சிறு விவசாயிகளுடையது. 2024-இல் மேற்கு ஆப்பிரிக்க விளைச்சல் பொய்த்து உலகச் சந்தையில் டன் 10,000 டாலரைத் தாண்டியபோது அந்தப் பணம் நேராகக் கிராமங்களுக்குள் போனது. நிறுவனமோ அமைச்சகமோ இடையில் இல்லாத வருவாய் என்பதே கொக்கோவின் சிறப்பு. அரசின் கருவூலத்துக்கு அது எளிதில் எட்டாது என்பதே அதன் குறை. விலை மறுபடி இறங்கிவிட்டது என்பதையும் மறக்கலாகாது. கொப்பரை இதே வகையைச் சேர்ந்தது, வருவாய் இன்னும் குறைவு.

இரண்டாவது, மணலில் அரிக்கும் தங்கம். பங்குனாவின் பழைய கழிவிலும் ஓடைகளிலும் குடும்பம் குடும்பமாக ஆயிரக்கணக்கானோர் தங்கம் அரிக்கிறார்கள். பணம் உண்டு, வரி இல்லை. பாதரசம் கையாளும் முறையோ கவலை தருவது. உரிமம் பெற்ற கொள்முதல் நிலையங்களைத் தீவிலேயே வைத்து, ஏற்றுமதியின்போது சிறு தீர்வை விதிப்பதுதான் நடைமுறைக்கு ஒத்த வழி. கசக்கிப் பிழிந்தால் தங்கம் படகேறிச் சாலமன் தீவுகளுக்குப் போய்விடும். தெற்கே ஷார்ட்லேண்ட் தீவுகள் சில கிலோமீட்டர்தான்.

மூன்றாவது சூரை மீன். வெளியாரின் கணக்குகளில் அதிகம் பேசப்படாத இதுவே விடுதலையோடு உடனடியாகக் கைக்கு வரும் சொத்து. தனிநாடானால் 200 கடல்மைல் பொருளாதார மண்டலம் சட்டப்படி சொந்தமாகும். பசிபிக் தீவு நாடுகள் நௌரு உடன்பாட்டின் கீழ் அயல்நாட்டுக் கப்பல்களுக்கு மீன்பிடி நாட்களை விற்கின்றன. ஒரு கப்பல் நாளுக்குக் குறைந்தபட்ச விலை 8,000 டாலர். கிரிபாட்டி அரசின் வருவாயில் பெரும்பகுதி இந்த விற்பனைதான். போகன்வில் கடலில் பிடிபடும் சூரைக்கான கட்டணம் இப்போது பப்புவா நியூ கினியின் கணக்கில் சேர்கிறது. அதில் தீவின் பங்கு எவ்வளவு என்பது ஆண்டுக்கணக்கில் இழுபடும் தகராறு. சுரங்கம் போல் பத்தாண்டு காத்திருக்க வேண்டிய தேவை இதற்கில்லை. கடல் எல்லை வரையறையும் உடன்பாட்டில் உறுப்புரிமையும் போதும். மீன் கூட்டம் வெப்பச் சுழற்சிக்கேற்பக் கிழக்கும் மேற்குமாக நகர்வதால் வருவாய் ஏறி இறங்கும். அதனால் இதை மட்டும் நம்பிச் சம்பளப் பட்டியல் போடக்கூடாது.

நாணயத்தைப் பொறுத்தவரை சொந்தப் பணம் அச்சிடும் ஆசை தொடக்கத்தில் ஆபத்து. கினாவிலேயே தொடரலாம், ஆனால் 2014 முதல் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டில் திணறிய நாணயம் அது. கிரிபாட்டியும் நௌருவும் துவாலுவும் ஆஸ்திரேலிய டாலரையும், கிழக்குத் திமோர் அமெரிக்க டாலரையும் புழங்குகின்றன. பழைய நாட்டின் பொதுக்கடனில் பங்கு ஏற்பதும் பேச்சுவார்த்தையில் வரும். பங்குனாவிலிருந்து நடுவண் அரசு எடுத்ததைப் போகன்வில் எதிர்க்கணக்காக வைக்கும் என்பதில் சந்தேகமில்லை.

இதே பாதையில் முன்சென்ற இரண்டு நாடுகள் ஒப்பிடத் தக்கவை. தெற்கு சூடான் 2011 ஜூலையில் பிறந்தது; அரசு வருவாயில் ஏறத்தாழ 98 சதவீதம் எண்ணெய். குழாய் வடக்கு வழியே போனதால் கட்டணத் தகராறு முற்றி, 2012 ஜனவரியில் தானே உற்பத்தியை நிறுத்தியது. இரண்டு ஆண்டில் உள்நாட்டுப் போர். 1999-இல் வாக்களித்த கிழக்குத் திமோருக்கு 2002-இல் முழு விடுதலை கிட்டும்வரை ஐக்கிய நாடுகளின் நிர்வாகம் இருந்தது. 2005-இல் அது பெட்ரோலிய நிதியம் அமைத்தது. எண்ணெய்ப் பணம் முதலில் அங்கே சேரும், நீடிக்கத்தக்க அளவு மட்டும் வரவுசெலவுக்கு வரும் என்பது விதி. நடைமுறையில் அரசுகள் அந்த அளவைத் தாண்டியே எடுத்தன. பாயு உண்டான் வயல் 2025-இல் ஓய்ந்துவிட்டது. இருந்தும் இருபதாண்டு சம்பளமும் சாலையும் மின்சாரமும் அந்த நிதியத்திலிருந்து வந்தன. போகன்வில் கற்க வேண்டியது திமோரிடம்தான். முதல் டன் செம்பு ஏறுவதற்கு முன்பே நிதியச் சட்டம் இருக்க வேண்டும், நிலம் இழந்தோரின் பங்கு அதில் எண்ணாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

போகன்வில்லை மட்டும் தனியே நிறுத்தித் தற்சார்பு கேட்பதில் நியாயமும் குறைவு. சுமார் 1 லட்சம் பேர் வாழும் டோங்கா, வெளிநாட்டில் உழைக்கும் மக்கள் அனுப்பும் பணத்தில் பெருமளவு நிற்கிறது. சமோவாவும் வனுவாட்டுவும் உதவி, சுற்றுலா, ஆஸ்திரேலிய - நியூசிலாந்துப் பண்ணைகளில் பருவகால வேலை ஆகியவற்றின் கலவையில் வாழ்கின்றன. மானியமே இல்லாமல் முழுச் செலவையும் தாங்கும் பசிபிக் சிறுநாட்டைத் தேடினால் காண்பது அரிது. அந்த நாடுகளோடு வைத்தால் போகன்வில்லுக்கு மண்வளம் அதிகம், மக்கள்தொகையும் குறைவில்லை. பருவகால வேலை உரிமையை ஆஸ்திரேலியாவிடம் தனி ஒதுக்கீடாகக் கேட்டுப் பெறுவது சுரங்கத்தைவிட விரைவில் வீட்டுக்குப் பணம் கொண்டுவரும்.

2025 ஜூனில் நியூசிலாந்தின் பர்ன்ஹாமில், 1997-இல் அமைதிப் பேச்சு தொடங்கிய அதே இடத்தில், இரு அரசுகளும் மெலனேசிய உடன்பாடு என்ற ஆவணத்தில் கையெழுத்திட்டன. வாக்கெடுப்பு முடிவை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுசெல்லும் வழிமுறையை அது பேசுகிறது. நாள், வாக்குப் பெரும்பான்மை ஆகியவற்றைச் சுற்றியே பேச்சு சுழல்கிறது. நிதிப் பிரிவில் இரு தரப்பும் எழுதிக்கொள்ள வேண்டியவை வேறு: விடுதலைக்குப் பிறகும் மானியம் எத்தனை ஆண்டு, ஆண்டுக்கு எவ்வளவு குறைந்துகொண்டே தொடரும், சூரைமீன் கட்டணம் எந்த நாளில் கைமாறும், லேயிலும் ரபாலிலும் கட்டப்படும் போகன்வில் வரி எந்த முறையில் பிரிக்கப்படும், பங்குனாவின் சுத்திகரிப்புச் செலவில் யாருக்கு என்ன பங்கு. இவற்றில் மானியம், சூரைமீன் கட்டணம், வரிப் பிரிப்பு ஆகிய மூன்றும் சுரங்கம் திறந்தாலும் திறக்காவிட்டாலும் பணம் தருபவை.